கமலாவதியின் ஐஸ்கிறீம் பெட்டிகள்

கமலாவதிக்கு ஐஸ்கிறீம் பிடிக்காது. பல்லுக் கூசுகிறது என்பார். ஆனாலும் கோப்பாயில் அவர்கள் இருந்த சின்னத் தெருவான ஒழுங்கையில் ஐஸ்கிறீம் பெட்டிகள் அதிகம் இருந்தது அவர் வீட்டில்தான். பிறந்தநாள் வீடுகளிலும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளிலும் சாப்பாடு முடிந்து எல்லோரும் படம் எடுக்க நிற்கும்போது, அவர் மண்டபத்தின் பின்பக்கம் போய் வெறும் பெட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் குசினி யன்னல் கட்டில் கவிழ்த்து வைப்பார். காய்ந்த பிறகு மூடியும் பெட்டியுமாகச் சோடி சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் அடுக்குவார். மகள் தனுஷிகாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது நடந்துவந்தது. சிக்கனம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கீழ்த்தட்டில் எவர்சில்வர் தூக்குச் சட்டிகள் இருந்தன. கமலாவதியின் கலியாணத்துக்கு வந்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவருடைய பெயர் வெட்டியிருந்தது. தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, தையல் மெசினை விட்டுவிட்டு இந்தச் சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனவர் அவர். மெசினைத் திரும்பி வந்து பார்த்தபோது காணவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

கமலாவதி கொடுப்பதில் பேர்போனவர். கணவர் தியாகலிங்கத்துக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம். ஒரு குலை பழுத்தால் ஒழுங்கை முழுவதற்கும் சீப்புப் போகும். மத்தியானம் வைக்கும் கறி ஒரு வீட்டுக்கு அளவாக இருந்ததே இல்லை. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விருந்தாளி, எந்தப் பிள்ளைக்குச் சோதனை என்பதெல்லாம் தெரிந்து, அதற்கேற்ற கறி அனுப்புவார். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தனுஷிகாவுடையது. சில வீடுகளுக்குத் தூக்குச் சட்டியில் போகும். சில வீடுகளுக்கு ஐஸ்கிறீம் பெட்டியில் போகும். தூக்குச் சட்டி போகும் வீடுகளுக்குச் சொல்லிவிட ஒன்றும் இராது. பெட்டி போகும் வீடுகளுக்கு ஒரு வசனமும் சேர்ந்து போகும்.

"பெட்டி திருப்பித் தரத் தேவையில்லை எண்டு சொல்லு, பிள்ளை. அதுகள் வீணா அலையக் கூடாது."

அந்தப் பக்கங்களில் கறி போன சட்டி வெறுமையாகத் திரும்பி வராது. ஒரு பிடி முருங்கையிலை, இரண்டு தேசிக்காய், எதுவுமே இல்லாத நாளில் அடியில் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் வரும். வெறும் சட்டி வந்தால் ஏதோ கோபம் என்று அர்த்தம். ஆகவே சட்டி போன வீட்டிலிருந்து ஏதாவது வந்துகொண்டேயிருக்கும். பெட்டி போன வீட்டிலிருந்து ஒன்றும் வராது. வரத் தேவையில்லை என்றுதான் முதலிலேயே சொல்லியாயிற்றே.

தனுஷிகா அந்த வீட்டில் முதலாவது பட்டதாரி. சமூகவியல் சிறப்புப் பட்டம், இரண்டாம் பிரிவு மேல்நிலை. மூன்றாம் வருடத்தில் கொடுத்தல், வாங்குதல், திருப்பிக் கொடுத்தல் பற்றி ஒரு பாடம் இருந்தது. கொடுப்பதை வாங்க மறுத்தாலும், வாங்கியதைத் திருப்பாமல் விட்டாலும் உறவு முறியும் என்று அதில் வந்தது. அவள் அதை அழகாகக் குறித்துக்கொண்டாள். சோதனையில் உதாரணம் கேட்டபோது எங்கேயோ பசிபிக் சமுத்திரத்தில் சங்குமாலை மாற்றிக்கொள்ளும் மனிதரைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாள். நல்ல புள்ளி வந்தது. அந்த வார விடுமுறையில் வீட்டுக்கு வந்து, கத்தரிக்காய்ப் பால்கறி நிரம்பிய ஐஸ்கிறீம் பெட்டியோடு ஒழுங்கையில் பாதித் தூரம் போன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பெட்டியைப் பார்த்தாள். பெட்டி போகும் வீடுகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பிறகு கறி ஆறிவிடும் என்று தொடர்ந்து நடந்தாள்.

பெட்டி போகும் வீடுகளில் ஒன்று வசந்தினியுடையது. அந்தக் காணி லண்டனில் இருந்த ஒருவருடையது. போர் முடிந்து சில வருடங்களின் பின் தரகர் மூலம் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் வந்து வேலி பிடுங்கி மதில் கட்டத் தொடங்கிய அன்று காலையில் ஒழுங்கையில், "ஆர் ஆக்களாம்?" என்று, சாதி என்ற சொல் வராமலே சாதி கேட்கும் ஒரு கேள்வி கிளம்பியது. பின்னேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. வந்தவர்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். வசந்தினி ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். காலையில் ஸ்கூட்டியில் போகும்போது ஒழுங்கையில் பாதிப் பேருக்கு அவரிடம் ஏதாவது படிவ வேலை இருக்கும். கமலாவதி அவரை, "பிள்ளை" என்று கூப்பிடுவார். நீ என்றால் உத்தியோகத்துக்குக் குறைவு, நீங்கள் என்றால் வேறு எதற்கோ அதிகம். பிள்ளை என்பது எல்லாப் பக்கத்துக்கும் பாதுகாப்பாக இருந்தது.

பட்டம் முடிந்து வீட்டில் இருந்த தனுஷிகாவுக்கு நிறைய நேரம் இருந்தது. மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் இருந்த போராட்டத்துக்குப் போய்வந்தாள். போராட்டத்திலும் எந்தப் பாடக்காரர் எந்த மர நிழலில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கோயில் திருவிழாவில் வடம் பிடிப்பவர்கள் யார், வெளிவீதியில் கடலை விற்பவர்கள் யார், யூரியூப்பில் நேரலை பார்த்துக் கீழே "ஓம் முருகா" போடுபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். கமலாவதி வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"இதைக் கண்டுபிடிக்கவோ நாலு வருசம் படிச்சனி? என்னைக் கேட்டிருந்தால் ஒரு நாளிலை சொல்லியிருப்பனே."

ஒருநாள் பாண் விற்கும் வான் பாட்டோடு ஒழுங்கைக்குள் வந்தது. கமலாவதி ஒரு இறாத்தல் பாணும் நான்கு பணிசும் வாங்கினார். தனுஷிகா வாசல் படலையில் நின்றாள்.

"அம்மா, உந்தப் பாண் ஆர் குழைச்சது எண்டு தெரியுமோ?"

"பேக்கரியிலை குழைச்சது."

"பேக்கரியிலை ஆர்?"

"ஆருக்குத் தெரியும்? மெசின் குழைக்குதாம்."

"மெசினுக்கு மாப் போட்டது ஆர்?"

கமலாவதி பணிசு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "காசு குடுத்து வாங்கிறது வேறை, பிள்ளை. காசு குடுத்தால் ஒருத்தருக்கும் ஒரு கடமையும் இல்லை. தின்."

தனுஷிகா தின்றாள். தின்றுகொண்டே, தன் விரிவுரைக் குறிப்பில் இரண்டு பக்கத்தில் இருந்ததை அம்மா இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார் என்று நினைத்தாள். ஆனால் அம்மா அதைச் சரி என்று சொல்கிறார். குறிப்பில் அது சரி என்றும் இல்லை, பிழை என்றும் இல்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்ச நாளாகத் தொந்தரவாக இருந்தது.

பெட்டி போகும் வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்ற அம்மாவின் விதியில் விலக்குகள் நிறைய இருந்தன. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது பொதுக் கிடாரத்தில் சமைத்ததைத்தானே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "அது இடம்பெயர்வு" என்பார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆஸ்பத்திரி. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் தியாகலிங்கமும் வசந்தினியின் கணவரும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக மோட்டார் சைக்கிளோடு நின்றார்கள். பின்னேரம் தியாகலிங்கம் வீட்டுக்கு வந்தபோது பசிக்கவில்லை என்றார்.

"எங்கை சாப்பிட்டனீங்கள்?"

"வரிசையிலை."

"வரிசையிலை ஆர் தந்தது?"

"வரிசையிலை நிண்டவை."

"என்ன சாப்பாடு?"

"புட்டும் முட்டைப் பொரியலும். நல்ல புட்டு, கமலா. உதிர்ந்து கிடந்தது."

கமலாவதி அதற்கு மேல் கேட்கவில்லை. வரிசையும் விலக்குப் பட்டியலில் சேர்ந்தது. தனுஷிகா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். அடுத்தமுறை வீட்டில் புட்டு அவித்தபோது அம்மா மாவைக் கூடுதல் நேரம் கொத்தினார்.

பிறகு ஒரு ஆடிப்பிறப்பு வந்தது. கமலாவதி விடியவே எழும்பிக் கூழ் காய்ச்சினார். கொழுக்கட்டை அவித்தார். பங்கு பிரித்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தூக்குச் சட்டிகள் ஒரு பக்கம், பெட்டிகள் ஒரு பக்கம். தனுஷிகா மேசைக்கு முன்னால் நின்றாள். கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. வசந்தினி வீட்டுப் பெட்டியைத் திறந்து, கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ்த்தட்டில் மிச்சமிருந்த ஒரு தூக்குச் சட்டியில் வைத்தாள். மூடினாள். மற்ற எந்த வீட்டுக்கும் முதல் அதைக் கொண்டு நடந்தாள்.

வசந்தினி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சட்டியை வாங்கினார். விளிம்பில் இருந்த பெயரை வாசித்தார். தனுஷிகாவைப் பார்த்தார்.

"சட்டியோ?"

"ஓம், அக்கா."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"உம்மடை முகத்தைப் பாத்தால் தெரியுது," என்றார் வசந்தினி. எது தெரிகிறது என்று சொல்லவில்லை. சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

பின்னேரம் கமலாவதி அலுமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டுச் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"ஆருக்குக் குடுத்தனி?"

தனுஷிகா சொன்னாள்.

கமலாவதி கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்கு ஆயத்தமாக நல்ல வசனங்களும் வைத்திருந்தாள். கமலாவதி கதிரையில் இருந்துவிட்டார்.

"அறுவாளே, அது திரும்பி வருமெல்லோ," என்று திட்டினார்.

அதுதான் பிரச்சினை. சட்டி வந்தால் வெறுமையாக வராது. வந்ததைச் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் கொட்ட வேண்டும். கொட்டினால், கொடுப்பதில் பேர்போன கமலாவதி மற்றவர் கொடுத்ததைக் கொட்டியவராவார். அதேவேளை சட்டி வராமலும் இருக்கக் கூடாது. கலியாணச் சட்டி, பெயர் வெட்டிய சட்டி, சாக்கில் கட்டித் தலையில் சுமந்த சட்டி. கேட்கவும் முடியாது. கொடுத்த சட்டியை வாய்விட்டுக் கேட்பது அந்த ஒழுங்கையில் ஒருவரும் செய்யாத சின்னத்தனம். அன்றிலிருந்து படலையில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் கமலாவதி குசினிக்குள் போய்விடுவார். ஸ்கூட்டி நிற்காமல் போனால் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்.

சட்டி வரவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. நல்லூர்த் திருவிழாக் கொடியேறி இறங்கியது. தியாகலிங்கம் இரண்டு மூன்று தரம், "கடையிலை புதுச் சட்டி ஒண்டு வாங்குவமே?" என்று கேட்டார். அந்த நாட்களில் அவர் தோட்டத்தில் கூடுதல் நேரம் நின்றார்.

தனுஷிகா வசந்தினி வீட்டுக்குப் போனாள். வசந்தினி அலுவலகத்திலிருந்து வந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லிக் கதிரை போட்டார்.

"சட்டிக்கு வந்தனீரோ?"

"இல்லை, அக்கா. சும்மா."

"சும்மா வாற ஆள் படலையடியிலை நிண்டு யோசிக்காது." வசந்தினி ஒரு சட்டையை உதறினார். "கழுவி வச்சிருக்கிறன். அண்டைக்கே கழுவிப்போட்டன். உம்மடை அம்மா அதைத் தேடுறா எண்டும் தெரியும்."

"அப்ப ஏன் அக்கா..."

"நாங்கள் இஞ்சை குடிவந்தபோது எல்லா வீட்டுக்கும் வடை குடுத்தனான். ஞாபகம் இருக்கோ? நீர் சின்னப் பிள்ளை. உங்கடை கோழி எங்கடை மதிலுக்குப் பக்கத்திலைதான் மேயுறது. அண்டைக்குப் பின்னேரம் ஒரு கோழி வாயிலை வடையோடை ஓடுது, மற்றக் கோழியெல்லாம் பின்னாலை துரத்துது. நான் இந்த யன்னலடியிலை நிண்டு பாத்தனான்." அவர் சிரித்தார். "நல்ல வடை. கோழி சண்டை பிடிச்சுச் சாப்பிட்டது."

தனுஷிகா மடிக்காமல் கிடந்த துவாய் ஒன்றை எடுத்து மடித்தாள்.

"சட்டியை வெறுமையாய்த் தாறதுக்கு எனக்கு மனம் இல்லை. போட்டுத் தந்தால் அது கோழிக்கெண்டால் அதுக்கும் மனம் இல்லை. அதாலை கிடக்குது. உம்மடை அம்மா ஒரு வாய் சாப்பிடுவா எண்டு தெரிஞ்சால் இண்டைக்கே தருவன்."

"நான் சாப்பிடப் பண்ணுறன், அக்கா."

"எப்பிடி? வாயைத் திறந்து ஊட்டுவீரோ?" வசந்தினி மடித்த உடுப்பை அடுக்கினார். பிறகு கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். "நான் ஒண்டு கேக்கிறன், தனு, குறைநினைக்கக் கூடாது. நீர் அந்தக் கொழுக்கட்டையை எனக்குத் தந்தனீரோ, இல்லாட்டி அம்மாவுக்குக் காட்டுறதுக்குத் தந்தனீரோ?"

தனுஷிகா இரண்டுக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. உண்மையில் அன்று காலையில் வசந்தினியை அவள் நினைக்கவே இல்லை. சட்டியைத்தான் நினைத்தாள். அதை நல்ல உதாரணம் என்று நினைத்தாள்.

"தெரியேல்லை, அக்கா."

"பரவாயில்லை. தெரியும் எண்டு சொல்லியிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்." வசந்தினி எழும்பித் தேநீர் போடப் போனார். குசினியிலிருந்து கேட்டார். "இனிப்பு அனுப்பினால் சீனி வருத்தம் எண்டு சொல்லித் தப்பிடுவா, என்ன?"

"ஓம். ஆனால் மாமி வீட்டு லட்டு சாப்பிடுவா. ஒரு லட்டு ஒண்டும் செய்யாதாம்."

"அப்ப சீனிக்கு நல்லதாய் ஒண்டு அனுப்புவம்."

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் கமலாவதி படலைக்கு வெளியே நின்று மீன்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தார். தப்பி ஓட வழி இல்லாத இடம். ஸ்கூட்டி வந்து பக்கத்தில் நின்றது. வசந்தினி கொழுவியிலிருந்து பையைக் கழற்றிச் சட்டியை எடுத்து நீட்டினார்.

"அன்ரி, சட்டி சுணங்கிப்போச்சு. குறைநினையாதேங்கோ. பாவற்காய்ப் பால்கறி. உங்களுக்குச் சீனி எண்டு தனு சொன்னவ. நல்ல மருந்து."

கமலாவதி சட்டியைப் பார்த்தார். மீன்காரரைப் பார்த்தார். மீன்காரரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் வாங்கினார்.

"என்னத்துக்குப் பிள்ளை, கஷ்டப்பட்டு," என்றார்.

"கஷ்டம் ஒண்டும் இல்லை, அன்ரி. பாவற்காய் எங்கடை பந்தலிலை காய்ச்சது."

ஸ்கூட்டி போய்விட்டது. கமலாவதி அன்று மீனுக்கு விலை குறைக்காமல் வாங்கினார்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சட்டி மேசை நடுவில் இருந்தது. மூடி திறக்கவில்லை. கமலாவதி இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் சம்பலும் கொண்டுவந்து அதைச் சுற்றி வைத்தார். தியாகலிங்கம் மூடியைத் திறந்து இரண்டு அகப்பை போட்டுக்கொண்டார். சாப்பிட்டார்.

"நல்லாக் கிடக்கு."

"உங்களுக்கு எதுதான் நல்லா இராது? வரிசையிலை நிண்டு சாப்பிட்ட மனிசன்தானே."

தனுஷிகாவும் போட்டுக்கொண்டாள். ஊட்டப் போவதுபோல் அம்மாவின் பீங்கானை நோக்கி அகப்பையை நீட்டவும் பார்த்தாள். கமலாவதி பீங்கானைத் தள்ளி வைத்தார். "நான் பேந்து சாப்பிடுறன். எனக்குப் பசிக்கேல்லை." மூடியை எடுத்து மூடினார். சட்டியைக் குசினிக்குள் கொண்டுபோனார். அவ்வளவுதான். தனுஷிகா அன்று தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் அவள் பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, மதிலுக்கு அங்காலே ஸ்கூட்டி ஸ்ராட் பண்ணும் சத்தம் கேட்டது. கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த கமலாவதி தலையை நிமிர்த்தாமலே குரலை உயர்த்தினார்.

"பிள்ளை, உப்புக் கொஞ்சம் காணாது."

மதிலுக்கு அங்காலே ஸ்கூட்டிச் சத்தம் நின்றது.

"ஓம், அன்ரி. அவருக்குப் பிறசர். அதாலை குறைச்சுப் போடுறது."

"தேசிக்காய்ப் புளி விட்டிருந்தால் தெரிஞ்சிராது."

"அடுத்தமுறை விடுறன், அன்ரி."

தனுஷிகா பிறஷைக் கையில் பிடித்தபடி நின்றாள். குசினிக்குள் போய்ப் பார்த்தாள். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா எப்போது சாப்பிட்டார், நின்று சாப்பிட்டாரா இருந்து சாப்பிட்டாரா, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சாப்பிடாத கறிக்கு உப்புக் காணாது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவள் தன் கைபேசியை எடுத்து, பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த மதுராவுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினாள். சமூக மாற்றம் பற்றி அதில் ஒரு வசனம் இருந்தது. மதுரா கைதட்டும் படம் ஒன்று அனுப்பினாள்.

அந்தச் செய்தியை அவள் பிறகு அழித்தாள். ஏனென்றால், சட்டி போய் வந்துவிட்டது. கறி போய்க் கறி வந்துவிட்டது. இனி முறை கமலாவதியுடையது.

தீபாவளி வந்தது. பலகாரம் எல்லா வீட்டுக்கும் போனது. வசந்தினி வீட்டுக்குப் போகவில்லை. கமலாவதி கந்தசஷ்டி விரதம் முடிந்து பாறணைக்குச் சமைத்தார். அதுவும் போகவில்லை. வாழைக்குலை பழுத்தது. சீப்புகள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் போய் வசந்தினியின் படலையை மட்டும் தாண்டின. முன்பென்றால் பெட்டியிலாவது போயிருக்கும். இனிப் பெட்டியில் கொடுக்க முடியாது. சட்டி போன வீட்டுக்குப் பெட்டி அனுப்பினால் அது முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடும். அதைக் கமலாவதி செய்யமாட்டார். சட்டியிலும் கொடுக்கவில்லை. அதற்கு முன்பு கொஞ்சமாவது கறி போய்க்கொண்டிருந்த வீடு அது. தனுஷிகா செய்த காரியத்தால் அதுவும் நின்றுபோனது.

"ஒருக்காச் சாப்பிட்டிட்டீங்கள்தானே, அம்மா. ஒருக்காக் குடுக்கிறதுக்கு என்ன?"

"சாப்பிட்டது வீட்டுக்குள்ளை. குடுக்கிறது ஒழுங்கையாலை."

"ஒழுங்கைக்கு என்ன?"

கமலாவதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுளகைத் தட்டினார்.

"ஒருக்காச் சட்டி போனால் அது பிழையாய்ப் போனது எண்டு சொல்லலாம். சின்னப் பிள்ளை தெரியாமல் மாத்திக் கொண்டுபோட்டுது எண்டு சொல்லலாம். நான் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கிறன், கேட்டவைக்கு. ரெண்டாந்தரம் போனால் அது குடுத்து வாங்குற போக்குவரத்து. உனக்குச் சம்பந்தம் பேச வாறவை என்னட்டையோ விசாரிப்பினம்? இந்த ஒழுங்கையிலைதான் விசாரிப்பினம்."

"எனக்கு அப்பிடி ஒரு சம்பந்தமும் வேண்டாம்."

"இப்ப வேண்டாம். வேண்டுமெண்டு வரேக்கை ஒழுங்கை இதே ஒழுங்கைதான்."

தன்னைக் காரணம் காட்டியே இது நடக்கிறது என்று தனுஷிகா அதுவரை யோசித்ததில்லை. பட்டத்துக்காக எழுதிய ஆய்வில் வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்டிருந்தாள். ஒரு வீட்டிலும், உங்கள் மகளுக்காகவா இதைச் செய்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. மேற்பார்வை செய்தவருக்கும் தோன்றவில்லை. ஆய்வு நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்கள்.

தைப்பொங்கலன்று கமலாவதி முற்றத்தில் பொங்கினார். படைத்த பிறகு பங்கு பிரித்தார். தூக்குச் சட்டிகளில் ஒன்று கூடுதலாக மேசைக்கு வந்திருந்தது. அதற்குள் பொங்கலும் மேலே ஒரு கப்பல் வாழைப்பழமும் வைத்து மூடினார். மற்றவையெல்லாம் போய்த் திரும்பின. அது இருந்தது. தனுஷிகா அதை எடுக்கவா என்று கேட்டாள். "நில்," என்றார் கமலாவதி. படலைவரை போய் ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தார். பொங்கல் நாள். ஒழுங்கை முழுக்க ஆட்கள். திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய்ப் பார்த்தார். மத்தியானம் தியாகலிங்கம் தோட்டத்துக்குப் படைத்துவிட்டு வந்து பசிக்கிறது என்றார். கமலாவதி அந்தச் சட்டியைத் திறந்து அவருக்குப் போட்டார். மிச்சத்தைத் தான் சாப்பிட்டார். சீனி வருத்தத்தைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் நடுப்பகுதியில் கனடாவில் இருந்த மகன் சயந்தனுக்குப் பிள்ளை பிறந்தது. கமலாவதிக்கு விசிட்டர் விசா வந்தது. மிளகாய்த்தூள் இடிப்பித்தார். ஒடியல்மா, புழுக்கொடியல், பிள்ளைக்குக் காப்புக் கொலுசு எல்லாம் சூட்கேசுக்குள் போயின. புறப்பட முதல்நாள் பயணம் சொல்ல ஒழுங்கை முழுவதும் போனார். தனுஷிகாவும் கூடப் போனாள். எல்லா வீட்டிலும் கதிரையில் இருந்தார். வசந்தினி வீட்டுப் படலையடியில் நின்றார்.

"உள்ளை வாங்கோ, அன்ரி."

"இல்லைப் பிள்ளை, இன்னும் அடுக்கி முடியேல்லை. போட்டு வாறன் எண்டு சொல்ல வந்தனான்."

"சந்தோசமாப் போட்டு வாங்கோ. குளிருக்குச் சுவெற்றர் கொண்டு போறியளோ?"

"கொண்டு போறன்."

கமலாவதி போகவில்லை. படலைக் கொழுக்கியைக் கழற்றினார், மாட்டினார். ஒழுங்கையில் யாரோ சைக்கிளில் வந்தார்கள். அவர்கள் தாண்டிப் போகும்வரை பேசாமல் நின்றார்.

"பிள்ளை, நான் உமக்கு ஒண்டு தர வேணும். மறக்கேல்லை. வந்து தாறன்."

"ஓம், அன்ரி," என்றார் வசந்தினி. "ஆறுதலாத் தாங்கோ."

விசா முடிய இருந்தபோது சயந்தன் அதை நீடித்தான். பிறகு மருமகள் வேலைக்குத் திரும்பினாள். பிள்ளையைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. இன்னும் ஒருதரம் நீடித்தார்கள். கமலாவதி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து கோழிகளைக் காட்டச் சொல்வார், எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார்.

வீட்டில் சமையல் தனுஷிகாவின் கைக்கு வந்தது. ஒருநாள் மரவள்ளிக்கிழங்குக் கறி வைத்துத் தூக்குச் சட்டியில் வசந்தினிக்குக் கொண்டுபோனாள். ஒழுங்கையில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் சட்டியைப் பார்த்தார்கள். வசந்தினி வாங்கினார், அடுத்த நாள் கத்தரிக்காய் போட்டுத் திருப்பினார். பிறகு அவள் அனுப்புவதும் அவர் அனுப்புவதும் பழக்கமாகிவிட்டது. சம்பந்தம் பேச இதுவரை ஒருவரும் வரவில்லை. அது ஒழுங்கையாலா, வேலை இல்லாததாலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒருதரம் அவள் பயந்து பயந்து கேட்டாள்.

"அக்கா, அம்மா தர வேணும் எண்டது இதோடை தீர்ந்துதோ?"

"சீச்சீ," என்றார் வசந்தினி. "இது நீர் எனக்குத் தாறது. உம்மடை அம்மான்ரை அப்பிடியே கிடக்கு. அவ வந்து தரட்டும்."

"அவ எப்ப வருவாவோ தெரியாது."

"கிடக்கட்டும். ஒழுங்கையிலை உம்மடை அம்மா ஆருக்கும் ஒண்டும் குடுக்கவேண்டியது இல்லை, எனக்கு மட்டும்தான் இருக்கு. அதை நான் ஏன் விடுவான்?"

போன ஞாயிற்றுக்கிழமை கமலாவதி வீடியோவில் வந்தார். கம்பளித் தொப்பி போட்டிருந்தார். வாழைக்குலை பழுத்துவிட்டதா, யார் யாருக்குச் சீப்புப் போனது என்று வீடுவீடாகக் கேட்டார். தனுஷிகா சொல்லிக்கொண்டு வந்தாள். வசந்தினி பெயரைச் சொன்னதும், "நீ குடுத்தது உன்ரை," என்றார் கமலாவதி. "என்ரையை நான் வந்துதான் குடுக்கவேணும்." எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். பின்னால் பிள்ளை அழுதது. கமலாவதி எழும்பிப் போய்விட்டார். வெறும் கதிரை கன நேரம் தெரிந்தது.